சுற்றுகிறது, ஆனால் குளிரவில்லை



இன்றைய பதிவு ஒரு மகிழுந்தின் விசிறியைப் பற்றியது. ‘தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு மகிழுந்து விசிறியோடு என்ன வேலை?’ என்று புருவம் உயர்த்துவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தை விட்டு வெளிவந்த நாள்முதல் இருபது ஆண்டுகளாக ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு மின்சுற்றுப் பாடம் நடத்தி வருகிறேன். அந்தப் பாடத்தை எவ்வளவு அரைகுறையாக நடத்தியிருக்கிறேன் என்பதை எனக்கு எடுத்துக்காட்டியது அந்த விசிறிதான்.

பாகான் டாலாமில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் மகிழுந்து என் தந்தையார் விட்டுச்சென்றது. ஒரு காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் நிறைந்திருந்த டட்சன் 120ஒய், டொயோட்டா கே.இ.70 ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த பழைய வண்டி. இத்தகைய வண்டிகளில் ரேடியேட்டருக்குக் காற்றை இழுக்கும் விசிறி, இயந்திரத்தோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். இயந்திரம் விரைந்தால் விசிறியும் விரையும். இயந்திரம் மெல்ல ஓடினால் விசிறியும் மெல்லச் சுற்றும். ஆனால் வண்டி நெரிசலில் நிற்கும்போதுதான் எதிர்க்காற்று கிடையாது. அப்போதுதான் விசிறி வலுவாகச் சுற்ற வேண்டும். பிற்காலத்தில் குளிரூட்டியும் சேர்ந்துகொண்டதால், நம் நாட்டு வெயிலுக்கு அந்த விசிறி போதாமற் போயிற்று. ஆகவே பலரும் பட்டறைக்குச் சென்று தனியே ஒரு மின்விசிறியைப் பொருத்திக்கொண்டார்கள். அப்பாவும் அவ்வாறே செய்தார்.

ஒரு நாள் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகத் தீவுக்கு அழைத்துச் சென்றேன். முன்பென்றால் பட்டர்வொர்த்தில் ஃபெரியில் வண்டியை ஏற்றி, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கடற்காற்று வாங்கியபடி அக்கரை சேரலாம். 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஃபெரியில் மகிழுந்துகளுக்கு இடமில்லை. 2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெரிகளும் பயணிகளையும் மோட்டார் சைக்கிள், மிதிவண்டி ஓட்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. எனவே 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம்தான் எங்களுக்கு வழி. பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில், காலை நெரிசலில், கடலுக்கு மேலே வண்டி நின்றுவிட்டது.

வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியது. குளிரூட்டியை அணைத்தேன். முள் இறங்கவில்லை. அம்மா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி, “ஒன்றும் ஆகாதும்மா” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். இடப்புறம் ஒதுங்கி நிறுத்தி, முன்மூடியைத் திறந்து பார்த்தேன். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியானால் கோளாறு விசிறியில் இல்லை என்று முடிவு கட்டினேன். நான் செய்த முதற்பிழை அதுவே.

நெரிசல் தளர்ந்து வண்டி ஓடத் தொடங்கியதும் முள் தானாக இறங்கியது. ஆனால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அம்மாவின் முறை கடந்துவிட்டது. மறுதேதி மூன்று மாதங்கள் தள்ளிக் கிடைத்தது. ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை மங்கியிருந்த அம்மா, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் வீடு திரும்பினார்.

மூன்று பொருள்கள் மாறின, கோளாறு மாறவில்லை

ஒரு பட்டறைக்குச் சென்றேன். “தெர்மோ சுவிட்ச் போய்விட்டது” என்றார்கள். ரேடியேட்டர் நீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியசைக் கடந்ததும் விசிறியை முடுக்கிவிடும் சிறு கருவி அது. மாற்றினோம். கோளாறு தீரவில்லை. அடுத்து ரிலேயை மாற்றினார்கள். அதுவும் பயன் தரவில்லை. மூன்றாம் முறை, “விசிறிக்கு வலு போதவில்லை டீச்சர், பெரியதாகப் போட்டுவிடலாம்” என்றார்கள். போட்டோம். நிலைமை முன்னிலும் மோசமாயிற்று!

ஒவ்வொரு முறையும் அவர்கள் சோதித்த விதத்தை அருகில் நின்று பார்த்தேன். விசிறியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அங்கே ஒரு சிறிய சோதனை விளக்கை வைப்பார்கள். விளக்கு பளிச்சென எரியும். “மின்சாரம் நன்றாக வருகிறது, பாருங்கள்” என்பார்கள். நானும் தலையசைப்பேன். மின்சுற்றுப் பாடம் நடத்துகிறவள் அல்லவா, நான்! விளக்கு எரிந்தால் சுற்று முழுமை பெற்றிருக்கிறது என்றுதானே வகுப்பில் சொல்கிறேன்?

எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர், துறைமுகத்தில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாலை, முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்ததைக் கண்டு வேலியோரம் வந்தார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“டீச்சர், விசிறி ஓடும்போது அளந்து பார்த்தீங்களா, இல்லை கழற்றிவிட்டு அளந்தீங்களா?”

“இரண்டும் ஒன்றுதானே, மாமா?”

அவர் சிரித்தார். உள்ளே சென்று ஒரு பழைய மல்டிமீட்டரை எடுத்து வந்தார். ஆனால் வண்டியைத் தொட மறுத்துவிட்டார். “நீங்களே அளங்க. பாப்பா எண்ணை வாசிக்கட்டும்” என்று ஐந்தாம் ஆண்டில் பயிலும் என் மகளிடம் கருவியைக் கொடுத்தார்.

எண்கள் சொன்ன கதை

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்தோம்: 13.8 வோல்ட். விசிறியைக் கழற்றிவிட்டு அதன் இணைப்பில் அளந்தோம்: 13.7. எந்தக் குறையும் தெரியவில்லை. இப்போது விசிறியை மாட்டி, அது சுற்றும்போதே அதே இடத்தில் அளந்தோம். மகள் வாசித்த எண்ணை நான் நம்பவில்லை. மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். 9.1 வோல்ட்!

புறப்பட்டது 13.8, சேர்ந்தது 9.1. இடையில் 4.7 வோல்ட் எங்கே போயிற்று?

பெரியவர் அடுத்த வழியைக் காட்டினார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும், மறுமுனையை விசிறியின் நேர்முனையிலும் வைக்கச் சொன்னார். 0.6 வோல்ட். அதாவது போகிற வழியில் இழந்தது அவ்வளவுதான். பிறகு விசிறியின் எதிர்முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தோம். 4.1 வோல்ட். திரும்பி வருகிற வழியில்தான் கொள்ளை போயிருக்கிறது! மகள் தானாகவே ஒரு தாளில் கூட்டிப் பார்த்தாள்: 0.6, 9.1, 4.1. கூட்டுத்தொகை 13.8. ஒரு சுற்றில் கொடுக்கப்பட்ட மின்னழுத்தமும் ஆங்காங்கே செலவாகும் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகையும் சமம் என்று 1845இல் கிர்க்காஃப் என்னும் செருமானிய அறிஞர் வகுத்த விதி அது. பயிற்சிக் கழகத்தில் தேர்வுக்காக அதைப் படித்த நான், அன்றுதான் கண்ணால் கண்டேன்.

திரும்பும் வழி எது? மகிழுந்தின் இரும்பு உடலே. விசிறியின் எதிர்முனைக் கம்பியைச் சாயம் பூசிய தகட்டின்மேல் ஒரு சிறு திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். எர்த் என்று நாம் சொல்லும் இணைப்பு அது. சாயத்தை யாரும் சுரண்டவில்லை. திருகாணியின் மறைதான் உலோகத்தை ஓரளவு தொட்டுக்கொண்டிருந்தது. கடலோரத்து உப்புக்காற்றில் அதுவும் துருப்பிடித்துவிட்டது. கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது. விசிறி ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுத்தது என்று கொண்டால், அந்தச் சிறு திருகாணியில் மட்டும் 4.1 பெருக்கல் 8, அதாவது ஏறக்குறைய 33 வாட் ஆற்றல் வெறும் சூடாக வீணாகிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரைக் குளிர்விக்க வேண்டிய மின்சாரம் ஒரு திருகாணியைச் சூடாக்கிக்கொண்டிருந்தது!

சோதனை விளக்கு ஏன் இதைக் காட்டவில்லை? அது இழுப்பது மிகச் சிறிய மின்னோட்டம். பழுதான இணைப்பும் அந்தச் சிறு மின்னோட்டத்தைத் தடையின்றி விட்டுவிடும். சுமை ஏறும்போதுதான் பழுது வெளிப்படும். பெரிய விசிறி பொருத்தியதும் நிலைமை ஏன் மோசமாயிற்று? அது இன்னும் மிகுதியான மின்னோட்டத்தைக் கேட்டது. அதே கெட்ட இணைப்பில் இழப்பு இன்னும் கூடியது. புதிய தெர்மோ சுவிட்சும் புதிய ரிலேயும் ஒரு குற்றமும் செய்யாதவை. பழைய விசிறியும் அப்படித்தான் இருந்திருக்கும்.

தகட்டைச் சுரண்டினோம். கம்பி முனையில் வளைய முனையம் பொருத்தி, தடித்த கம்பியொன்றை நேரே பேட்டரியின் எதிர்முனைக்கும் கொண்டுசென்றோம். மறுபடி அளந்தோம். திரும்பும் வழியில் இழப்பு 0.1, விசிறிக்குக் கிடைத்தது 12.9. போகும் வழியில் இழப்பு 0.6இலிருந்து 0.8ஆக உயர்ந்திருந்தது. “ஏன் இது மட்டும் கூடுச்சு?” என்று மகள் கேட்டாள். பெரியவர் என்னைப் பார்த்தார். சற்று யோசித்துவிட்டுச் சொன்னேன்: “இப்போது விசிறி வலுவாக ஓடுகிறது. மின்னோட்டம் கூடிவிட்டது. அதனால் அந்தக் கம்பியிலும் இழப்பு கூடியிருக்கிறது.” மறுவாரம் அந்தக் கம்பியையும் தடித்ததாக மாற்றினோம்.

நம் வகுப்பறையின் சோதனை விளக்கு

இப்போது நான் சொல்லவந்த கருத்துக்கு வருகிறேன்.

அறிவியல் 1997 முதல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வுப் பாடமாக இருந்தது. அந்தத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆனால் அந்தத் தேர்வு நமக்குப் பழக்கிவிட்ட கேள்வித்தாள் நம் பயிற்றிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘மின்குமிழ் ஒளிரவில்லை. இரண்டு காரணங்களைக் குறிப்பிடுக.’ மின்கலன் வலுவிழந்துவிட்டது, கம்பி அறுந்துவிட்டது என்று எழுதினால் இரண்டு புள்ளிகள். நானே எத்தனையோ முறை இதற்குச் சிவப்பு மையால் சரி போட்டிருக்கிறேன்.

இந்த விடையில் என்ன குறை? காரணங்களைப் பட்டியலிடுவதோடு இது நின்றுவிடுகிறது. அந்தப் பட்டியலில் எது உண்மையான காரணம் என்று கண்டறியும் வழியை நாம் கேட்பதும் இல்லை, கற்பிப்பதும் இல்லை. அந்தப் பட்டறையில் நடந்ததும் இதுவே. சுவிட்சாக இருக்கலாம், ரிலேயாக இருக்கலாம், விசிறியாக இருக்கலாம். ஒவ்வொன்றாக என் பணத்தில் மாற்றிப் பார்த்தார்கள். அவர்களை நொந்து என்ன பயன்? அவர்களும் நம்மைப் போன்ற ஆசிரியர்களிடம் படித்தவர்கள்தாமே! இருபது ஆண்டுப் பாட அனுபவம் உள்ள நானும் அருகில் நின்று தலையசைத்தவள்தானே!

தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று நம் மாணவர்கள் உறக்கத்திலும் ஒப்பிப்பார்கள். உற்றறிதல், ஊகித்தல் என்னும் அறிவியல் செயற்பாங்குத் திறன்களும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. குறை பாடத்திட்டத்தில் இல்லை என்பது என் எண்ணம். சுமை இல்லாமலேயே நாம் அளக்கிறோம்; குறை அதில் இருக்கிறது. மனப்பாடம் செய்த வினாவை மறுபடி கேட்டால் மாணவனின் விளக்கு பளிச்சென எரியும். ‘ஆறாம் அடைவுநிலை’ என்று பதிந்துவிடுகிறோம். இதுவரை பாராத ஒரு சிக்கலை அவன் கையில் கொடுத்தால் எத்தனை வோல்ட் மிஞ்சும்?

சென்ற பருவத்தில் ஒரு சிறு முயற்சி செய்து பார்த்தேன். பலகையொன்றில் மூன்று மின்கலன்கள், ஒரு விசை, ஒரு மின்குமிழ், நான்கு இணைப்புகள். ஓர் இணைப்பில் மட்டும் துருப்பிடித்த ஆணியைச் செருகி நாடாவால் மூடிவிட்டேன். மின்குமிழ் மங்கலாக எரிந்தது. “ஏன் மங்கலாக எரிகிறது என்று கண்டுபிடியுங்கள்” என்றேன். எப்போதும் முழுப்புள்ளி பெறும் மாணவி மூன்று காரணங்களை அழகாக எழுதிக் காட்டிவிட்டு, “விடை சரியா, டீச்சர்?” என்று கேட்டாள். அவள்மீது ஒரு குறையும் இல்லை. நான் கற்பித்ததையே அவள் செய்தாள். பின்வரிசை மாணவன் ஒருவன், பயிற்றியில் பாதியை வெற்றிடமாக விடுபவன், உபரியாக இருந்த நல்ல கம்பியை எடுத்தான். ஒவ்வோர் இணைப்பையும் அதனால் தாண்டிப் பார்த்தான். மூன்றாம் இணைப்பில் மின்குமிழ் பளிச்சிட்டது.

“எப்படி இதுதான் என்று சொல்கிறாய்?”

“மத்த இடத்துல வச்சா மாறல டீச்சர். இங்க வச்சாத்தான் மாறுது.”

ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிலைநிறுத்தி, விளைவை உற்றறிவது என்றால் இதுதானே! அவனுக்கு இதுவரை நான் பதிந்திருந்த அடைவுநிலை இரண்டு. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பெற்றோர்களுக்கு இரு சொற்கள்

முதலாவது, ‘பெரிய விசிறி’ பற்றியது. பிள்ளைக்குப் புள்ளி குறைந்தால் நாம் உடனே ஒரு துணைப்பாட வகுப்பைக் கூட்டுகிறோம். அதுவும் போதாவிட்டால் இன்னொன்று. அடிப்படை எங்கோ ஒட்டாமல் கிடக்கும்போது மேலே சுமையை ஏற்றினால், அந்த இடம்தான் மேலும் சூடேறும். பெருக்கல் வாய்பாட்டில் தடுமாறும் பிள்ளைக்கு வேண்டியது பின்னக் கணக்குப் பயிற்சி இன்னும் ஐந்து ஏடுகள் அன்று. எந்த இணைப்பில் இழப்பு நேர்கிறது என்று அமைதியாக உட்கார்ந்து அளந்து பாருங்கள். ஒரு கணக்கைச் செய்யச் சொல்லி, அவன் செய்யும்போதே அருகிலிருந்து பாருங்கள். செய்து முடித்தபின் விடையை மட்டும் பார்த்தால், அது கழற்றிவிட்டு அளப்பதைப் போன்றது.

இரண்டாவது, நாம் எல்லாரும் சொல்லும் ஒரு வாசகம்: ‘படிக்காவிட்டால் கார்ப் பட்டறைக்குத்தான் போவாய்!’ நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பட்டறையை ஒரு தண்டனை இடமாக நாமே ஆக்கிவிட்டோம். பிறகு அங்கே அளந்து பார்த்து வேலை செய்வோர் இல்லையே என்று நாமே புலம்புகிறோம். அந்தப் பின்வரிசை மாணவனிடம் இருக்கும் அறிவு படிப்பறிவே. நம் பட்டர்வொர்த்திலேயே தொழிற்கல்லூரி இருக்கிறது. மலேசியத் தொழிற்கல்வி டிப்ளோமாவரை அங்கே படிக்கலாம். ‘வேறெதுவும் வராதவர்கள்’ போகும் இடம் என்று அதைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். மின்கலத்தால் ஓடும் மகிழுந்துகள் பெருகிவரும் காலம் இது. அவற்றின் கம்பிகளில் பாய்வது நூற்றுக்கணக்கான வோல்ட். அங்கே ஊகித்துப் பார்த்து வேலை செய்தால் உயிருக்கே ஆபத்து.

‘முப்பது மாணவர்கள், முப்பது நிமிடம், ஒரே ஒரு பலகை, இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று சக ஆசிரியர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வியே. எல்லாப் பாடத்திலும் இதைச் செய்ய இயலாது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது, விடை தெரியாத ஒரு பழுதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க முடியுமா என்பதே என் வேண்டுகோள். துருப்பிடித்த ஆணி ஒன்றுக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை!

இதே கோளாறு உங்கள் வண்டியிலும் இருந்தால்

பழைய வண்டியில் தனி விசிறி பொருத்தியிருப்பவர்களுக்காகச் சில குறிப்புகள்:

1. முதலில் பாதுகாப்பு. பேட்டரியோடு நேரடியாக இணைந்த விசிறி, சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றக்கூடும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, தாலிக்கொடி, விரல்கள் யாவும் தள்ளியே இருக்கட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

2. வண்டி ஓடும்போது முள் இறங்கி, நிற்கும்போது ஏறினால் விசிறியையும் அதன் மின்னிணைப்பையும் முதலில் ஐயுறுங்கள். விசிறி சுற்றுகிறது என்பது மட்டும் சான்றாகாது.

3. ஃபியூஸ் வழியாக, தடித்த இரு கம்பிகளால் விசிறியை நேரே பேட்டரியோடு இணைத்துப் பாருங்கள். அப்போது சீறிச் சுற்றினால் விசிறி நலம்; கோளாறு வழியில் இருக்கிறது.

4. ரிலேயின் கால்களில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். 85, 86 ஆகியவை கட்டளைக்குரியவை. 30இல் பேட்டரியின் மின்சாரம் வரும், 87 வழியே விசிறிக்குச் செல்லும். தலைமையாசிரியர் ஒரு கையொப்பமிட, பாரம் சுமப்பது வேறொருவர் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ரிலே இல்லாமல் விசிறியின் முழு மின்னோட்டத்தையும் சிறு சுவிட்ச் வழியே விட்டால் சுவிட்ச் கருகும்.

5. பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே, கம்பியின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸ் இருக்க வேண்டும்.

6. விசிறி ஓடும்போது இருபுறமும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒரு புறத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் அங்கே தேடுங்கள்.

7. இரு கம்பிகளும் இடம் மாறினால் விசிறி தலைகீழாகச் சுற்றிக் காற்றை எதிர்ப்புறம் தள்ளும். வண்டியின் முன்புறம், ரேடியேட்டர்மீது ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். காற்று உள்நோக்கி இழுக்கப்பட்டால் தாள் ஒட்டிக்கொள்ளும்.

அம்மாவின் மறுதேதி வந்தது. பாலத்தில் அன்றும் நெரிசல்தான். நடுக்கடலில் இருபது நிமிடம் நின்றோம். முள் பாதி வரை ஏறியது, விசிறி உறுமியது, முள் அங்கேயே நின்றது. அம்மா தம் முறைக்கு அரைமணி நேரம் முன்னதாகவே போய் அமர்ந்துவிட்டார். பின்னிருக்கையில் வந்த மகள், “இப்ப எத்தனை வோல்ட் இருக்கும்மா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. “வீட்டுக்குப் போய் அளந்து பார்ப்போம்” என்றேன்.

ஆசிரியராகிய நாம் பிள்ளைகளிடம் இன்னும் அடிக்கடி சொல்ல வேண்டிய விடை இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.